குளோரின் லைனில் உலோகம் அரிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்போம்

குளோரின் போகும் பைப்பில் ஒரு துளை விழுந்தால், மறுநாள் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைவிட நல்ல அலாய் (உலோகக் கலவை) போட்டுவிடலாம்." அந்த யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குளோரினுக்கு என்று பொதுவாக நல்ல உலோகம் அநேகமாக எதுவும் கிடையாது. ஈரக் குளோரினில் வருடக்கணக்கில் நிற்கும் டைட்டானியம், உலர் குளோரினில் தீப்பிடித்து எரியும். சாதாரணக் கார்பன் ஸ்டீல் உலர் குளோரினை நன்றாகவே தாங்கும். அதில் ஈரம் புகுந்தால் அதே ஸ்டீல் வேகமாகக் கரையும்.

காரணம் நீர். குளோரின் நீரில் கரையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. முன்னது உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கரைக்கும். பின்னது கடுமையான ஆக்சிகரணி. அமிலத்தை மட்டும் தாங்கும் உலோகங்கள் உண்டு, ஆக்சிகரணியை மட்டும் தாங்குபவையும் உண்டு. இரண்டையும் சேர்த்துத் தாங்குபவை மிகச் சில. அதனால் எந்தப் பழுதைப் பார்க்கப் போனாலும் மூன்று கேள்விகளோடு போங்கள்: அந்த இடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது? எவ்வளவு சூடு? கடைசியாக அங்கே என்ன மாறியது? அலாய் பெயர் இதற்கெல்லாம் அப்புறம்தான்.

லைனைத் திறப்பதற்கு முன்: இருபுறமும் தனிமைப்படுத்தி, உலர்ந்த நைட்ரஜன் அல்லது உலர்ந்த காற்றால் குளோரினை உறிஞ்சுகலத்துக்குத் தள்ளிவிட்டு, சுவாசக் கருவி அணிந்தவர் மட்டுமே போல்ட்டைத் தொட வேண்டும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவக் குளோரினை அடைத்து வைத்துவிடாதீர்கள். வெயில் பட்டு விரிந்தால் பைப் வெடிக்கும். இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன்.

அறிகுறி: கார்பன் ஸ்டீல் லைனில் பழுப்புச் சேறு, வால்வு இறுகிப்போகிறது

உலர் குளோரின் லைனில் அதிகம் வரும் புகார் இதுதான். வால்வு முழுதாக மூடாது, ஃபில்டர் அடிக்கடி அடைக்கும், திறந்து பார்த்தால் பழுப்போ பச்சை கலந்த கறுப்போ ஆன ஒரு படிவு. அது ஃபெரிக் குளோரைடு. ஸ்டீலின் உட்புறத்தில் மெல்லியதாக இருக்கும்வரை அதுவே பாதுகாப்புப் படலம். அளவுக்கு மீறி உண்டானால் எங்கோ ஈரம் நுழைகிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. ஃபெரிக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சில நிமிடங்களில் கசகசவென்று ஆகிவிடும். ஆகவே திறந்தபின் சேறு ஈரமாக இருப்பதை மட்டும் வைத்து "லைனில் தண்ணீர் இருந்தது" என்று முடிவு கட்டாதீர்கள். சுவரின் தடிமனை அளந்து பாருங்கள். எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்பதே உண்மையைச் சொல்லும்.

தாழ்வான இடங்களிலும் வால்வின் உட்குழிகளிலும் மட்டும் மெலிந்திருந்தால், நீரழுத்தச் சோதனைக்குப் பிறகு தண்ணீர் முழுதாக வெளியேறவில்லை. பால் வால்வின் (உருண்டை சுழன்று திறந்து மூடும் வால்வு) உள்ளே தேங்கிய ஒரு கையளவு தண்ணீர் போதும். வால்வுகளைக் கழற்றி, தனியாக உலர்த்தி, பிறகே மாட்ட வேண்டும். லைனிலிருந்து வெளிவரும் காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை உலர்த்துங்கள்.

லைன் முழுக்கச் சீராக மெலிந்திருந்தால் உலர்த்தும் கோபுரத்தைப் பாருங்கள். குளோரினை உலர்த்துவது அடர் கந்தக அமிலம். 96 முதல் 98 சதவீதத்தில் உள்ளே போய், ஈரத்தை வாங்கிக்கொண்டு 78 சதவீதம் அளவில் வெளியே வரும். அமிலத்தின் அடர்த்தி, அதன் வெப்பநிலை, கோபுரத்தில் அமிலம் சீராகப் பரவுகிறதா என்ற மூன்றையும் சரிபாருங்கள். ஈரமானி சரி என்று காட்டினாலும் அதன் கடைசி அளவுதிருத்தம் எப்போது நடந்தது என்று கேளுங்கள். கார்பன் ஸ்டீலுக்கு ஈரம் சில பத்து பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குள் நிற்க வேண்டும். படிவு பழுப்பாக இல்லாமல் சாம்பல் வெள்ளையாக இருந்தால், கோபுரத்திலிருந்து அமிலத்துளிகளே அடித்துக்கொண்டு வருகின்றனவா என்று சந்தேகப்படுங்கள். அது இரும்பு சல்ஃபேட்டாக இருக்கலாம். அப்படியானால் துளிப்பிடிப்பான் தன் வேலையைச் செய்யவில்லை.

நிறுத்தத்தின்போது திறந்த முனைகளுக்கு அருகில் மட்டும் பாதிப்பு என்றால், அந்த முனைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஃபெரிக் குளோரைடு வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்து அமிலமாகிவிட்டது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரே வளைவை ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை மாற்றினோம். மூன்றாவது முறை நிக்கல் அலாயில் செய்யலாம் என்று மதிப்பீடு வரை போய்விட்டது. கடைசியில் பார்த்தால், லைனைத் துடைக்க, அதாவது உள்ளே ஊதி மிச்சத்தை வெளியே தள்ளப் பயன்படுத்திய காற்றின் உலர்த்தி பழுதாகி மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு துடைப்பிலும் நாங்களே ஈரத்தை உள்ளே ஊதியிருக்கிறோம். உலர்த்தியைச் சரிசெய்தோம், வளைவைப் பழையபடி கார்பன் ஸ்டீலிலேயே போட்டோம். அதற்குப் பிறகு அந்த இடம் அரிக்கவில்லை. அன்றிலிருந்து துடைக்கும் காற்றின் பனிநிலையைத்தான் முதலில் அளக்கிறேன்.

அறிகுறி: உட்புறம் நன்றாக இருக்கிறது, ஃப்ளேஞ்சின் வெளிப்புறமும் போல்ட்டுகளும் அரிக்கின்றன

ஃப்ளேஞ்சில், அதாவது பைப்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவு. வெளியே வரும் குளோரின் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, வெளியிலிருந்து ஸ்டீலைத் தின்கிறது. தின்னத் தின்னக் கசிவு பெரிதாகும். அம்மோனியா நீர்க்கரைசல் அடைத்த பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கி அதன் ஆவியை மட்டும் அருகே விடுங்கள். வெண்புகை எழுந்தால் கசிவு அங்கேதான். கரைசலே உலோகத்தில் படக்கூடாது. கசியும் இடத்தில் தண்ணீர் அடிப்பது அதைவிட மோசம், துளை விரியும்.

அறிகுறி: சூடான பகுதியில் ஸ்டீல் வேகமாக மெலிகிறது, அல்லது தீய்ந்த தடம் தெரிகிறது

இதில் தாமதமே கூடாது. கார்பன் ஸ்டீலை உலர் குளோரினில் சுமார் 120 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது வழக்கம். 250 டிகிரியை ஒட்டி ஸ்டீல் குளோரினில் பற்றிக்கொள்ளும். துருவோ எண்ணெயோ மெல்லிய உலோகத் துகளோ இருந்தால் அதற்கு முன்பே. குளோரின் மிச்சமிருக்கும் லைனில் வெல்டிங் செய்வது எப்படி முடியும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். நீராவிச் சூடேற்றும் குழாய், கம்ப்ரஸரின் வெளியேற்றம், ஆவியாக்கியின் சுவர் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பநிலையை நேரில் அளந்து பாருங்கள். லைனின் உள்ளே ஹைட்ரோகார்பன் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குளோரின் சேவையில் ஃபுளோரினேற்றிய கிரீஸ் மட்டுமே போகலாம்.

செயல்முறைக்கே அதிகச் சூடு தேவை என்றால், இங்கேதான் அலாயை மாற்றுவது நியாயம். நிக்கல் 201 (தூய நிக்கல்), அலாய் 600 (நிக்கல்-குரோமியம் கலவை) ஆகியவை உலர் குளோரினில் 500 டிகிரி அளவுவரை பயன்படுகின்றன. இதன் காரணம் எளிது. ஃபெரிக் குளோரைடு 300 டிகிரியைத் தாண்டியதுமே உருகி ஆவியாகி ஓடிவிடும், ஸ்டீல் அம்மணமாக நிற்கும். நிக்கல் குளோரைடோ 1,000 டிகிரி அளவில்தான் உருகும். அதனால் படலம் இடத்தைவிட்டு நகர்வதில்லை. நிக்கல் 200 வேண்டாம். 315 டிகிரிக்கு மேல் அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகத்தை நொறுங்கச் செய்யும். 201-இல் கார்பன் குறைவு.

ஆனால் சூடான நிக்கல் கருவியைக் குளிரவிடும்போது உள்ளே ஈரம் ஒடுங்கினால் பாடு வேறு. ஈரக் குளோரினில் நிக்கலும் மோனெலும் (நிக்கல்-செம்பு அலாய்) நிற்காது. உலர் குளோரின் வால்வின் தண்டாக மோனெல் அருமையானது. அதே தண்டு ஈரத்தில் தேய்ந்துபோகும். நிறுத்தும்போது சூடு குறையும் முன்பே உலர் நைட்ரஜனால் துடைத்துவிடுங்கள்.

அறிகுறி: டைட்டானியத்தில் நிறமாற்றம், வெண்பொடி, அல்லது பொறி

டைட்டானியம் ஈரக் குளோரினில் நிற்பது அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கீறல் பட்டால் மறுபடி வளர நீர் வேண்டும். நீர் போதாவிட்டால் குளோரின் நேரே உலோகத்தோடு வினைபுரியும். அந்த வினை வெப்பத்தைக் கக்கும், வெப்பம் வினையை வேகப்படுத்தும், அப்புறம் தீதான். அசையாத வாயுவில் அறை வெப்பநிலையில் சுமார் 1 சதவீதம் நீர் வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. ஓட்டம் இருந்தால் இதைவிடக் குறைவு போதும், சூடு கூடினால் அதிகம் வேண்டும்.

ஆக டைட்டானியம் குளோரின் உண்டாகும் மின்பகுப்புக் கலத்துக்கும் உலர்த்தும் கோபுரத்துக்கும் நடுவே மட்டும். கோபுரத்தைத் தாண்டி ஒரு போல்ட், ஒரு வெப்பமானி உறை, கசிவை அடைக்கும் ஒரு கேஸ்கெட் வளையம்கூடப் போகக்கூடாது. பொறியோ சூடோ கண்டால் பழுதுபார்க்க உட்காராதீர்கள். குளோரினை நிறுத்துங்கள், லைனைத் தனிமைப்படுத்துங்கள், பிறகு அந்தப் பாகம் எப்படி அங்கே வந்தது என்று தேடுங்கள். எங்கள் ஸ்டோரில் ஒருமுறை ஒரே அளவுள்ள இரண்டு வால்வுகளின் அடையாளச் சீட்டு மாறிப்போயிருந்தது. மாட்டுவதற்குச் சற்றுமுன் எக்ஸ்ரே துப்பாக்கியால் உலோகத்தைச் சோதித்த இளைஞர் அதைக் கண்டுபிடித்தார். ஒரு நிமிட வேலை. உலர் பகுதிக்குப் போகும் ஒவ்வொரு உலோகப் பாகத்துக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் துப்பாக்கியால் கார்பனை அளக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316-ஐயும் 316 எல்-ஐயும், நிக்கல் 200-ஐயும் 201-ஐயும் அது பிரித்துக் காட்டாது. அவற்றுக்கு ஆலைச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரப் பகுதியிலேயே டைட்டானியம் அரித்தால் கேஸ்கெட்டுக்கு அடியில் பாருங்கள். சுமார் 70 டிகிரிக்கு மேல், இறுக்கமான இடுக்குகளுக்குள் அமிலம் சேர்ந்து வெண்பொடியோடு குழி விழும். திறந்த பரப்பு பளபளவென்று இருக்கும், கேஸ்கெட் முகம் மட்டும் சிதைந்திருக்கும். இதற்கு மருந்து பல்லேடியம் கலந்த கிரேடு 7 டைட்டானியம். முழுக் கருவியையும் அதில் செய்யத் தேவையில்லை. ஃப்ளேஞ்ச் முகத்தை மட்டும் கிரேடு 7-இல் செய்தால் பல இடங்களில் போதும்.

வெல்டை ஒட்டி அரித்தால், வெல்டிங்கின்போது காற்றைத் தடுக்கும் ஆர்கான் வாயு மறைப்பு போதவில்லை. நல்ல டைட்டானிய வெல்ட் வெள்ளி நிறத்தில் இருக்கும். வெளிர் வைக்கோல் நிறம் வரை பொறுக்கலாம். நீலம், சாம்பல், வெண்பொடி என்று போனால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இரும்பு பிரஷால் டைட்டானியத்தைத் தேய்ப்பதும் தவறு, ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

அறிகுறி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளைகள்

பார்க்கப் பளபளப்பாக இருக்கும். தடிமன் அளவும் சரியாக வரும். ஆனால் ஒரு மயிரிழைத் துளை வழியே சொட்டும். 304-ம் 316-ம் குளோரைடில் இப்படித்தான் சாகும். குழியின் வாய் சிறியது, வயிறு பெரியது. உள்ளே அமிலம் அடர்ந்துகொண்டே போவதால், ஒருமுறை தொடங்கிய குழி தானாக நிற்பதில்லை.

உடனே பலர் எடுப்பது குழி எதிர்ப்பு எண். குரோமியத்தின் சதவீதத்தோடு மாலிப்டினத்தைப் போல 3.3 மடங்கும் நைட்ரஜனைப் போல 16 மடங்கும் கூட்டுவார்கள். 316-க்குச் சுமார் 24, அதைவிட உயர்ந்த ஸ்டெயின்லெஸ் வகைகளான 2205 டூப்ளெக்ஸுக்கு 35, 2507 சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40-க்கு மேல். கடல்நீருக்கு இந்த எண் நல்ல வழிகாட்டி. ஈரக் குளோரின் வாயுவுக்கு அதை நம்பி இறங்காதீர்கள். குளோரின் தானே ஆக்சிகரணியாக இருப்பதால், குழியைத் தொடங்கிவைக்கும் மின்னழுத்தத்தை அது எப்போதும் மேலேயே பிடித்து வைத்திருக்கும். 316 தாங்காத ஈரக் குளோரினில் 2205 போட்டு சில மாதம் வாங்கலாம். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

குளோரின் கலந்த நீர் என்றால் கதை வேறு. ஒன்றிரண்டு பி.பி.எம். குளோரினுள்ள குளிர்ந்த நீரில் 316 நன்றாகவே வேலை செய்யும். அங்கேயும் துளை விழுந்தால் நீர்மட்டத்துக்கு மேலே பாருங்கள். மூடிய தொட்டியின் காலியிடத்தில் குளோரின் ஆவி ஒடுங்கித் துளித்துளியாகப் படியும், அந்தத் துளி கீழேயுள்ள நீரைவிடக் கொடியது. அங்கே காற்றோட்டம் கொடுங்கள், அல்லது அந்த மேற்பகுதியைப் பிளாஸ்டிக்காக மாற்றுங்கள்.

அறிகுறி: துளை இல்லை, மரக்கிளை போல் விரிசல்

சாய ஊடுருவல் சோதனையில் கிளைகிளையாகக் கோடுகள் தெரிந்தால், அது 300 வரிசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குளோரைடும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கிய விரிசல். சுமார் 60 டிகிரிக்கு மேல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வெல்டை ஒட்டியோ குளிர்நிலையில் வளைத்த இடத்திலோ வரும். வெப்பக்காப்பு உறைக்கு அடியில் வெளிப்புறத்திலிருந்தும் வரும். உறைக்குள் புகுந்த நீர் ஆவியாகி ஆவியாகிக் குளோரைடு சேர்ந்துகொண்டே இருக்கும். விரிசலை அரைத்து வெல்டு போட்டு மூடுவது பயனில்லை, பக்கத்திலேயே மறுபடி விடும். அந்தத் துண்டையே எடுத்துவிட்டு, உலர்ந்த குளோரின் என்றால் கார்பன் ஸ்டீல், ஈரம் என்றால் அடுத்துச் சொல்பவற்றில் ஒன்று என்று முடிவெடுங்கள்.

அறிகுறி: ஹாஸ்டெல்லாய் போட்டோம், அதுவும் அரிக்கிறது

ஹாஸ்டெல்லாய் என்பது நிக்கல் அலாய்களின் ஒரு வணிகப் பெயர்; எந்த ஹாஸ்டெல்லாய் என்று கேளுங்கள். பி வரிசையும் சி வரிசையும் பெயரில் மட்டுமே உறவு. பி-2, பி-3 ஆகியவற்றில் மாலிப்டினம் நிறைய, குரோமியம் மிகக் குறைவு. தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அவற்றுக்கு ஈடு இல்லை. அந்த அமிலத்தில் கொஞ்சம் கரைந்த குளோரினோ ஃபெரிக் அயனியோ கலந்தால் சர்க்கரை போல் கரையும். ஜிர்கோனியத்துக்கும் இதே பலவீனம் உண்டு. மேல்நிலையில் எங்கோ ஒரு ஸ்டீல் பாகம் அரித்து இரும்பை அமிலத்தில் விட்டால், கீழே இருக்கும் விலையுயர்ந்த பி-3 கருவி அதற்குப் பலியாகும். அமிலத்தின் நிறம் மஞ்சளானால் இரும்பைச் சோதியுங்கள்.

சி-276-இல் குரோமியமும் 16 சதவீதம் அளவில், மாலிப்டினமும் 16 சதவீதம் அளவில். ஈரக் குளோரின் வாயுவை அறை வெப்பநிலையை ஒட்டித் தாங்கும் சில உலோகங்களில் அதுவும் ஒன்று. சூடு ஏற ஏற அதன் கை தளரும். அது அரித்தால் முதலில் வெப்பநிலையையும், பிறகு வெல்டின் நிரப்புக் கம்பியையும் பாருங்கள். 316 கம்பியால் சி-276-ஐ ஒட்டிய வெல்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகடு புதுசு போல் இருக்க, வெல்ட் மட்டும் பள்ளமாகப் போயிருந்தது.

சூடான ஈரக் குளோரினுக்கு உலோகமே வேண்டியிருந்தால் டைட்டானியம்; உலோகம் கட்டாயமில்லை என்றால் வினைல் எஸ்டர் எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்), கடின ரப்பர் லைனிங், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) லைனிங் என்று போவதே புத்திசாலித்தனம். அலாய் பட்டியலில் மூழ்கிப்போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: ஹைப்போ பம்பில் குமிழ்கள், பம்ப் வாயு அடைத்து நிற்கிறது

ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை நிக்கல், கோபால்ட், செம்பு, இரும்பு ஆகியவற்றின் சிறு சுவடும் சிதைக்கும், ஆக்சிஜன் வெளியேறும். ஆக நிக்கல் அலாய் அரிக்காமல் தெரிந்தாலும் கரைசலைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இங்கே டைட்டானியமும் பிளாஸ்டிக்கும்தான் சரி. மூடிய பால் வால்வின் உள்ளே சிக்கிய ஹைப்போ அழுத்தம் ஏறி வால்வையே பிளக்கும். உருண்டையில் வெளியேற்றுத் துளை உள்ள வகையை வாங்குங்கள், துளை ஓட்டம் வரும் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள்.

அறிகுறி: அழுத்தமானியின் டான்டலம் சவ்வு நொறுங்கியது

டான்டலம் ஈரத்திலும் உலர்விலும் 150 டிகிரிவரை அசையாது. நொறுங்கினால் அது ஹைட்ரஜனின் வேலை. பக்கத்தில் எளிதில் அரிக்கும் உலோகம் மின்தொடர்போடு அரித்துக்கொண்டிருந்தால், அங்கே பிறக்கும் ஹைட்ரஜனை டான்டலம் உறிஞ்சும். உறையை மின்காப்பு செய்யுங்கள். லைனைக் காஸ்டிக்கால் (சோடியம் ஹைட்ராக்சைடு) கழுவும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அறிகுறி: குளிர்ந்த ஈரக் குளோரின் லைனில் மஞ்சள் படிகம்

இது அரிப்பே இல்லை. 9.6 டிகிரிக்குக் கீழே குளோரினும் நீரும் சேர்ந்து படிகமாக உறையும். குளிர்விப்பானின் நீரை 10 டிகிரிக்கு மேலே வைத்தால் போய்விடும்.

புது அலாய்க்கு ஆர்டர் போடும் முன்

6 சதவீத ஃபெரிக் குளோரைடில் செய்யும் வழக்கமான குழிச்சோதனை ஒரு அலாயையும் இன்னொன்றையும் ஒப்பிட உதவும். உங்கள் லைனில் எத்தனை வருடம் வரும் என்பதை அது சொல்லாது. அதற்கு உங்கள் லைனிலேயே மாதிரித் துண்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு அலாயிலும் ஒரு வெறும் துண்டு, ஒரு வெல்ட் போட்ட துண்டு, வாஷர் வைத்து இடுக்கு உண்டாக்கிய ஒரு துண்டு. ஒன்றையொன்று தொடாமல் பி.டி.எஃப்.இ. வளையங்களால் பிரித்து மாட்டுங்கள். உலர் லைனில் டைட்டானியத் துண்டு கண்டிப்பாக வேண்டாம். ஒரு நிறுத்தத்தையும் மறுதொடக்கத்தையும் அவை கடந்து வரட்டும், ஈரம் உள்ளே வருவது அப்போதுதான். வெளியே எடுத்ததும் எடை இழப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வாஷரைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பரப்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.